இருபத்தேழு வோல்ட் காட்டிய மீட்டர்

1

நான் போய்ச் சேர்ந்தபோது கம்பிக்கட்டு தரையில் சாய்ந்து கிடந்தது. ரிக்கர் இளங்கோவை ஆம்புலன்ஸ் கொண்டுபோய்விட்டிருந்தது. ரிக்கர் என்றால் சுமையைக் கொக்கியில் மாட்டி, கயிறு பிடித்து அனுப்புகிற ஆள். சிங்கப்பூரில் கேலாங் பக்கம் அடுக்குமாடி எழும்பிக்கொண்டிருந்த சைட் அது. மழை அப்போதுதான் விட்டிருந்தது.

நடந்தது இதுதான். எங்கள் கம்பெனி வாடகைக்குக் கொடுத்திருந்த கிராலர் கிரேன் கம்பிக்கட்டைத் தூக்கித் திரும்பும்போது சட்டென்று நின்றுவிட்டது. கட்டு ஆடிப்போய் இளங்கோவின் வலது தோளில் இடித்தது. தோள் எலும்பு நொறுங்கிவிட்டது.

கிரேனை நிறுத்தியது ஆளா, மெஷினா? அதைச் சொல்ல வேண்டியவன், கம்பெனி எலெக்ட்ரீஷியனான நான். ஆள் என்றால் ஆபரேட்டர் செல்வராசுவின் வேலை போகும், பெர்மிட் போகும். அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் டூல் பெட்டியைத் திறந்தேன்.

செல்வராசு புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். நாற்பது வயதிருக்கும். வேலிக்கு வெளியே பலகைகள்மேல் உட்கார்ந்திருந்தார். விபத்து நடந்தால் ஆபரேட்டர் மெஷின் கிட்டே போகக்கூடாது என்று சேஃப்டி ஆள் உத்தரவு போட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து ஓடி வந்தார்.

"அண்ணே, நான் ஒண்ணும் பண்ணலண்ணே. ஸ்கிரீன் தானா அணைஞ்சுச்சு. அணைஞ்சதும் எல்லாம் லாக் ஆயிருச்சு. ஏர்கான், வைப்பர், லைட்டு எல்லாம் ஓடிக்கிட்டிருந்தப்பதான் இப்படி ஆச்சு. நான் ஏறி ஓட்டிக் காட்டவாண்ணே?"

"நீங்க ஏறக்கூடாதுலா. ரூல்ஸ் இருக்கு. நான் பார்த்துக்கறேன்," என்றேன்.

சேஃப்டி ஆளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், கொக்கியில் சுமை இல்லாமல் பத்து நிமிடம் ஓட்ட விட்டிருப்பார். நான் கேட்கவில்லை. ஜூரோங்கில் இன்னொரு வேலை காத்திருந்தது. அதைவிடப் பெரிய காரணம், என் தலைக்கனம். இருபத்தாறு வருட சர்வீஸ். சேவியர் என்கிற நான் மீட்டர் வைத்தால் மறுபேச்சு இல்லை என்று பேர் வாங்கியிருந்தேன்.

எஞ்சினை ஓடவிட்டேன். பேட்டரியில் 27.6 வோல்ட். சுமையைக் கணக்கிடும் கம்ப்யூட்டரின் பிளக்கில் 27. பிளக்குகளை ஆட்டிப் பார்த்தேன், ஃபியூஸ்களைப் பிடுங்கிப் பார்த்தேன். எல்லாம் கச்சிதம். பழைய மாடல் என்பதால், திரை அணைந்ததா இல்லையா என்று கம்ப்யூட்டர் பதிவு வைத்திருக்காது. ரிப்போர்ட்டில் எழுதினேன்: பவர் சப்ளை நார்மல், பழுது எதுவும் இல்லை.

ஒரே வரி. அந்த வரியை வைத்துத்தான் விபத்தை விசாரித்தவர்கள் ஆபரேட்டர் கவனக்குறைவு என்று முடிவு செய்தார்கள். இரண்டு வாரத்துக்குள் செல்வராசுவை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

2

மூன்று மாதம் கழித்து அதே கிரேன் துவாஸில் இன்னொரு சைட்டில் இருந்தது. புது ஆபரேட்டர் போன் செய்தார். "அண்ணே, மழையில ஸ்கிரீன் ஆஃப் ஆகி மெஷின் நின்னுருச்சு. நல்லவேளை கொக்கியில ஒண்ணும் இல்ல."

வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். மழை விடவில்லை. இந்த முறை ஆபரேட்டரைச் சீட்டில் உட்காரச் சொன்னேன். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகடிவிலும், மற்றதைக் கேபினின் எர்த் போல்ட்டிலும் வைத்தேன். கேபினுக்குப் போகிற கரண்ட் எல்லாம் அந்த எர்த் கேபிள் வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். கேபிள் நன்றாக இருந்தால், ஏர்கான், லைட்டு என்று எவ்வளவு லோடு போட்டாலும் அங்கே அரை வோல்ட்டைத் தாண்டக்கூடாது.

"ஏர்கான் போடுங்க. வைப்பர். லைட்டு. இப்ப மெதுவாத் திருப்புங்க."

ஒன்று. மூன்று. ஆறு. எட்டைத் தாண்டியதும் திரை அணைந்தது, மெஷின் நின்றது. செல்வராசு சொன்னது ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை.

கேபிள் முனையில் இருந்த கறுப்பு உறையைக் கத்தியால் கீறினேன். உள்ளே செம்பு பச்சைப் பொடியாகிக் கிடந்தது. நாலைந்து இழைதான் மிச்சம். பழைய வீட்டில் ஒரு குழாயைத் திறந்தால் தண்ணீர் நன்றாக வரும், எல்லாக் குழாயையும் திறந்தால் சொட்டும். அதே கதைதான். அன்று நான் கம்ப்யூட்டரை மட்டும் ஓடவிட்டுச் சோதித்தேன். அந்த நாலு இழைக்கு அது ஒரு சுமையே இல்லை. லோடு போட்டு, வழியில் எத்தனை வோல்ட் குறைகிறது என்று பார்க்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் முதல் வருடப் பாடம். அதற்குச் சீட்டில் ஆள் வேண்டும். ஆள் இருந்தார், வேலிக்கு வெளியே.

வொர்க்ஷாப் மேனேஜர் பாலனிடம் கேபிள் முனையைக் கொண்டுபோய் வைத்தேன்.

"மாத்தியாச்சுல்ல? புது ரிப்போர்ட் போடு, முடிஞ்சது," என்றார். "பழசை ஏன் கிளறுறே? அப்ப நல்லா இருந்துச்சு, இப்ப கெட்டுப்போச்சு. அவ்வளவுதான்லா."

"இவ்வளவு பச்சை மூணு மாசத்துல பிடிக்காது பாஸ். அன்னைக்கே இருந்திருக்கு. நான்தான் பார்க்கல."

"நீ எழுதிட்டா கம்பெனி பேர் என்ன ஆவும்? உன் பேர் என்ன ஆவும்? யோசிச்சியா?"

யோசித்தேன். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடக்கூட முடியவில்லை. அவர் சொன்ன வழி எவ்வளவு சுலபம் என்று ஆசை வந்ததையும் மறைக்க மாட்டேன். மூன்றாம் நாள் எழுதிக் கையெழுத்துப் போட்டு, விசாரித்தவர்களுக்கு அனுப்பினேன். முதல் சோதனை லோடு இல்லாமல் செய்யப்பட்டது, ஆபரேட்டர் சொன்னது சரி, தவறு என்னுடையது. பாலன் என்னோடு பேசுவதை நிறுத்தினார். எனக்கு வரவேண்டியிருந்த சூப்பர்வைசர் பதவி வேறொருவருக்குப் போனது. அதில் வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய்.

3

செல்வராசுவின் ஊர் நம்பரை அவரோடு ரூமில் தங்கியிருந்தவரிடம் வாங்கினேன். போனில் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"இளங்கோவுக்குத் தெரியுமாண்ணே?" என்றுதான் முதலில் கேட்டார்.

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். இருவரும் ஒரே ஊர். இளங்கோவை ஏஜெண்டிடம் கூட்டிப்போய்ச் சேர்த்துவிட்டதே செல்வராசுதான்.

"அவங்க அம்மா எங்க வீட்டு வாசல்ல வந்து மண்ணை வாரித் தூத்திட்டாங்கண்ணே. வேலை போனது போகட்டும். தூங்கிக்கிட்டே ஓட்டினேன்னு ஊரே பேசுது. நீங்களே அவன்கிட்டச் சொல்லுங்க. நான் சொன்னா எடுபடாது."

அந்த ஞாயிற்றுக்கிழமை இளங்கோவைத் தேக்கா சந்தை மாடிப்படி கிட்டே பார்த்தேன். வலது கை தோளுக்குமேல் எழவில்லை. நான் கொண்டுபோயிருந்த கேபிள் முனையை இடது கையில் வாங்கிக்கொண்டார். நான் சொல்லச் சொல்ல அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் எங்களை இடித்துக்கொண்டு போனது.

"செல்வராசு அண்ணன் பதினாலு தடவை போன் அடிச்சாரு. நான் எடுக்கவே இல்ல," என்றார். பிறகு நிமிர்ந்தார். "அன்னைக்கு ஓட்டிக் காட்டறேன்னு சொன்னாராமே, ரூம்ல பேசிக்கிட்டாங்க. ஏண்ணே விடல?"

ரூல்ஸ் என்று சொல்லியிருக்கலாம். "அவர் சொன்னதை நான் காதுலயே போட்டுக்கல, தம்பி," என்றேன். இளங்கோ கேபிள் முனையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு படியோரமாகத் தள்ளிப் போனார். "அண்ணே, நான்தான்," என்றது மட்டும் கேட்டது. பிறகு சுவரைப் பார்த்து நின்றுகொண்டு அழுதார்.

செல்வராசு சிங்கப்பூருக்குத் திரும்பி வரவில்லை. கூப்பிட்டுப் பார்த்தேன், வேண்டாம் என்றுவிட்டார்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. மீட்டரை எடுக்கும் முன் ஆபரேட்டரைக் கேளுங்கள். அவர் சொல்வது தப்பாகவும் இருக்கலாம். அதைச் சோதித்த பிறகே தப்பு என்று எழுதுங்கள். நீங்கள் எழுதும் ஒரு வரியை, உங்களைத் தெரியாத ஓர் ஊரில், யாரோ ஒருவர் தன் வாசலில் நின்று கேட்க வேண்டியிருக்கும்.