ஐந்தாவது மாணவி

போன செவ்வாய்க்கிழமை ஸ்ரீரங்கத்திலிருந்து வரும் டவுன் பஸ்ஸில் பக்கத்து சீட் அம்மாள் என்னிடம் கேட்டார்: "நீங்க காலேஜ்ல பிலாசபி எடுக்கறீங்களாமே. என் பொண்ணை அதுல சேர்க்கலாங்களா?"

"என்னைக் கேட்காதீங்க" என்றேன்.

அந்த அம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். திமிர் பிடித்தவள் என்று நினைத்திருப்பார். திமிர் கொஞ்சம் உண்டுதான்... ஆனால் அந்தப் பதிலுக்குக் காரணம் அதுவல்ல.

ஐம்பதுகளில், அதாவது பதினைந்து வருஷத்துக்கு முன்னால், நான் எம்.ஏ. பிலாசபி படிக்கச் சென்னைக்குக் கிளம்பினேன். அப்பா ரயில்வே ஆபீஸில் குமாஸ்தா. அவர் சம்மதித்துவிட்டார். அத்தைதான் கேட்டாள்: "பெருமாள் இருக்கிற ஊர்ல இருந்துண்டு, தத்துவம் படிக்கப் பட்டணம் போகணுமாடி?"

"பெருமாளைப் பத்தி இல்லை அத்தை. பெருமாளைப் பத்தி மத்தவாள்லாம் என்ன கேள்வி கேக்கறான்னு படிக்கப் போறேன்."



சென்னையில் வகுப்பில் எட்டுப் பேர். பெண்கள் இரண்டே பேர். முதல் கட்டுரையை இருபது பக்கம் எழுதிக் கொடுத்தேன் - உலகத்தில் யார் யார் என்ன சொன்னார்கள் என்று ஒருவரையும் விடாமல். 'இதில் உன் கருத்து எந்தப் பக்கத்தில் இருக்கிறது?' என்று பேராசிரியரின் ஒற்றை வரியோடு திரும்பி வந்தது. இரண்டாவது கட்டுரை ஆறே பக்கம். ஆறும் என்னுடையது. அதற்குப் பிறகு எனக்குப் பயம் விட்டுப்போயிற்று.

படிப்பு முடிந்ததும் திருச்சியில், கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஒரு பெண்கள் கல்லூரியில் வேலை கிடைத்தது. பி.ஏ.வில் பிலாசபி அந்த வருஷம்தான் ஆரம்பித்தார்கள். பிரின்ஸிபால் மதர் முதல் நாளே விஷயத்தைச் சொல்லிவிட்டார். "அட்மிஷன் முடியறப்ப அஞ்சு பேராவது இருக்கணும், மிஸ். இல்லேன்னா வகுப்பு கிடையாது." வகுப்பு கிடையாது என்றால் நானும் கிடையாது. அதை அவர் சொல்லவில்லை, எனக்கே புரிந்தது.

சரியாக ஐந்து பேர் சேர்ந்தார்கள்.

அதில் கமலம் என்று ஒருத்தி. தொட்டியத்தில் வாழைத்தோட்டக்காரர் மகள். மேத்ஸில் இடம் கிடைக்காமல் என்னிடம் வந்தவள். லாஜிக் வகுப்பில் நான் வாக்கியத்தை போர்டில் எழுதி முடிப்பதற்குள் முடிவைச் சொல்லிவிடுவாள். இவளை வைத்துக்கொண்டு மூன்று வருஷம் ராஜ்யம் பண்ணலாம் என்று மனக்கோட்டை கட்டியிருந்தேன்.

மூன்றாவது வாரம் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றாள். "மிஸ், மேத்ஸ்ல ஒரு பொண்ணு கல்யாணம் ஆகிப் போயிட்டாளாம். இடம் காலியா இருக்கு. போகட்டுங்களா, இங்கேயே இருக்கட்டுங்களா?"

"நாளைக்குச் சொல்றேன்" என்றேன்.

மறுநாள் காலை பஸ் காவிரிப் பாலத்தைத் தாண்டும்வரை இதே யோசனை. இரு என்று சொன்னால் இருப்பாள். அதில் பொய்யும் இல்லை. அவளுக்கு பிலாசபி நன்றாகவே வரும். ஆனால் அப்படிச் சொல்லப்போவது யார்? அவளுடைய டீச்சரா, இல்லை வேலை போய்விடுமே என்று பயப்படுகிறவளா? இரண்டு பேருக்கும் ஒரே குரல்தானே... கேட்கிறவளுக்கு எப்படி வித்தியாசம் தெரியும்? அன்றைக்கு முதல் பீரியட் எதிக்ஸ் - ஒழுக்கவியல் - வேறு.

வகுப்பு முடிந்ததும் அவளைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"இதை நீ என்கிட்ட கேக்கக் கூடாதும்மா. நீ இருந்தா எனக்கு லாபம். அதனால என் வார்த்தையை நம்பாதே. ஒண்ணு மட்டும் சொல்லு. யாரும் சொல்லாம, பரீட்சைக்கும் இல்லாம, நீயா உக்காந்து என்ன பண்ணுவே?"

கொஞ்சம் வெட்கப்பட்டாள். "கணக்குப் போடுவேங்க மிஸ்."

"அப்புறம் என்ன? போ."

போய்விட்டாள்.  ஆபீஸ் மூலம் தெரியவருவதற்குள் நானே மதரிடம் போய்ச் சொல்லிவிட்டேன்.

"நீங்களே அனுப்பினீங்களா?"

"ஆமா மதர்."

அவர் காலண்டரைப் பார்த்தார். "அட்மிஷன் முடிய இன்னும் ஒன்பது நாள் இருக்கு" என்றார். திட்டவில்லை, சலுகையும் தரவில்லை.

ஒன்பது நாளில் ஒரு ஆளைப் பிடிக்க முடியாதா? எனக்கு என் மேல் நம்பிக்கை இருந்தது. மதிய உணவு இடைவேளையில் ஒரு பேச்சு ஏற்பாடு செய்தேன். தலைப்பு - 'பொய் சொல்லலாமா?' சாப்பிட்ட கையோடு நாற்பது பெண்கள் வந்தார்கள். ஒருத்தியை ஒருத்தி பேசவிடாமல் வாதாடினார்கள். "ரொம்ப நல்லா இருந்துது மிஸ்" என்றார்கள். பிறகு அவரவர் ஹிஸ்டரிக்கும் எகனாமிக்ஸுக்கும் திரும்பிப் போனார்கள். ஒரே ஒருத்தியாவது... ம்ஹூம்.

எட்டாவது நாள் சாயங்காலம் என் சாமான்களை - இரண்டு புத்தகம், ஒரு குடை - எடுத்துக்கொண்டிருந்தபோது லூர்து மேரி வந்தார். கல்லூரி ஆபீஸில் டைப்பிஸ்ட். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். அதுவரை "குட் மார்னிங் மிஸ்"ஸைத் தாண்டி நாங்கள் பேசியதில்லை.

"அன்னிக்கு நீங்க பேசினப்ப வராந்தாவுல நின்னு கேட்டேன், மிஸ். மதர்கிட்ட கையெழுத்துக்கு எடுத்துட்டுப் போன ஃபைலோட அப்படியே நின்னுட்டேன்."

"அதனால என்ன?"

"பொய் எப்பவுமே தப்புதான்னு ஒரு பொண்ணு சொல்லிச்சு. நீங்க மறுக்கலை."

குரலில் கோபம் இருந்தது. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"எங்கப்பாவுக்கு இனிமே ஒண்ணும் பண்றதுக்கில்லைன்னு டாக்டர் என்கிட்ட சொல்லிட்டாருங்க. நான் அப்பாகிட்ட, சரியாயிடும், கிறிஸ்துமஸுக்கு எழுந்து கோயிலுக்குப் போகலாம்னு சொன்னேன். அவரு நம்பினாரு. அந்த நம்பிக்கையிலேயே போயிட்டாரு. நான் சொன்னது பொய்தான். தப்புன்னு எனக்குத் தோணலை. தப்பில்லைன்னு நிம்மதியாவும் இருக்க முடியலை. நாலு வருஷமா இதையேதான் நினைச்சுட்டிருக்கேன்."

எனக்கும் பதில் தெரியாது. தெரியாது என்றே சொன்னேன். பிறகு கேட்டேன்: "நீங்க இன்டர்மீடியட் பாஸ் பண்ணியிருக்கீங்களா?"

"பண்ணியிருக்கேங்க. அதைக் கேக்கத்தான் வந்தேன். இந்த வயசுல சேத்துக்குவாங்களா?"

மறுநாள் காலை இருவரும் மதர் முன்னால் நின்றோம். மதருக்கு முதலில் தோன்றியது இதுதான்: "அப்ப இங்க டைப் அடிக்கிறது யாரு?"

"காலையில ஏழு மணிக்கே வந்துடறேன் மதர். வகுப்பு இல்லாத நேரமெல்லாம் மெஷின்லதான் இருப்பேன்."

மதர் என் பக்கம் திரும்பினார். "இதுவும் உங்க யோசனையா?"

"இல்லை மதர். இவங்க யோசனை கேக்க வரலை. சண்டை போட வந்தாங்க."

மதர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டார். என் வகுப்பு பிழைத்தது, நானும் பிழைத்தேன். இன்றைக்கு அந்த வகுப்பில் முப்பத்திரண்டு பேர். கமலம் மேத்ஸில் முதல் வகுப்பில் தேறி, இப்போது முசிறிப் பக்கம் ஹைஸ்கூலில் கணக்கு டீச்சர்.

லூர்து மேரி? மூன்று வருஷமும் என்னோடு சண்டை போட்டார். நான் சரி என்றால் அவர் ஏன் என்பார். மற்ற நால்வரில் மூன்று பெண்கள் நான் சொன்னதை எழுதிக்கொண்டார்கள். நாலாவது பெண் தூங்கினாள். இவருக்காகத்தான் நான் வீட்டில் உட்கார்ந்து படித்துவிட்டு வருவேன்.

முதல் வருஷப் பரீட்சை வந்தது. கல்லூரியின் எல்லாக் கேள்வித்தாள்களையும் டைப் அடிப்பது அவர்தான். எதிக்ஸ் தாளை மட்டும் மடித்தபடியே என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். "நான் இதை முன்னாடியே பார்க்கக் கூடாது, மிஸ். நீங்களே அடிச்சுக்குங்க."

இரண்டு விரலால் அரை நாள் தட்டி நானே அடித்தேன். பரீட்சை முடிந்து அவருடைய விடைத்தாள் வந்தது. கூடவே கேள்வித்தாளும் பின் குத்தி வந்தது. அதில் என்னுடைய ஏழு எழுத்துப் பிழைகளையும் பென்சிலால் திருத்தியிருந்தார்.