தார்ப்பாய்க்கு அந்தப் பக்கம் தகுதி

போன வாரம் ஓர் இன்டர்வியூவுக்குப் போயிருந்தேன். வேலை கேட்டு இல்லை. சாட்சியாக உட்கார!

இன்டர்வியூவுக்கு எதற்குச் சாட்சி என்கிறீர்களா? நானும் அதைத்தான் கேட்டேன்.

கணபதி ஏரியாவில் எங்கள் தெருவுக்குப் பின்னால் பம்ப் செட் கம்பெனி வைத்திருக்கிறார் துரைசாமி அண்ணன். நல்ல மனுஷர். பம்பும் நல்ல பம்ப்தான். ஆனால் காலை வாக்கிங்கில் என்னைப் பார்த்ததும் அவருக்கு நாட்டைப் பற்றிக் கவலை வந்துவிடும்.

"ஏனுங்க அம்மணி, இந்த கோட்டாவ எடுத்துப்போட்டா நாடு எங்கியோ போயிருமுங்க. சைனாக்காரங்கூட போட்டி போடோணும்னா தகுதி வேணுமுங்க, தகுதி!"

நான் வேகமாக நடப்பேன். அவரும் வேகமாக நடப்பார். எனக்கு முட்டி வலி வந்ததே இப்படித்தான்.

அவர் கம்பெனியின் குவாலிட்டி டிபார்ட்மென்ட்டைச் சொல்ல வேண்டும். ஹெட், அவர் தம்பி. செக்கிங், சித்தப்பா மகன். டெஸ்டிங், சகலையின் பையன். மீதியெல்லாம் ஒன்றுவிட்டதும் ரெண்டுவிட்டதும். இதில் என்ன தப்பு, அண்ணன் பணம் அண்ணன் கம்பெனி என்று நானும் பேசாமல்தான் இருந்தேன்.

ஆனால் ஆர்டர் கொடுத்த வெளிநாட்டு கம்பெனியின் ஆடிட்டர் சும்மா இருக்கவில்லை. அவர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கிய நாள் முகூர்த்த நாள். துரைசாமி அண்ணன் குடும்பத்தில் கல்யாணம். டிபார்ட்மென்ட் மொத்தமும் மண்டபத்தில் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தது. ஆடிட்டருக்கு ஃபேக்டரியைச் சுற்றிக் காட்டியது வாட்ச்மேன்!

மனுஷன் கொதித்துப் போய்விட்டார். "கடைசியில் ஓகே சொல்லி அனுப்புகிற இன்ஸ்பெக்டரையாவது தகுதி பார்த்து எடுங்கள். வெளியாள் ஒருவர் கூட இருந்து பார்க்க வேண்டும். இல்லையென்றால் ஆர்டர் கேன்சல்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த ஆர்டர் போனால் பாதி ஷெட்டை இழுத்து மூட வேண்டியதுதான்.

அந்த வெளியாள்தான் அடியேன்.

போய்ப் பார்த்தால் ஆபீஸ் ரூமின் குறுக்கே நீலத் தார்ப்பாய் கட்டியிருக்கிறது. இந்தப் பக்கம் நாங்கள். அந்தப் பக்கம் வேலைக்கு வந்தவர்கள். பேர் சொல்லக் கூடாது, ஊர் சொல்லக் கூடாது, டோக்கன் நம்பர் மட்டும்தான். டோக்கனை நான்தான் கலைத்துக் கொடுத்தேன். அடடா, இவ்வளவு நேர்மையா!

நேர்மையாவது ஒன்றாவது... மெதுவாகத்தான் விஷயம் வெளியே வந்தது. வந்திருந்த நாலு பெண்களில் ஒருத்தி, அண்ணன் மனைவியின் அண்ணன் மகள். பல்லடம் பக்கம் பெரிய கோழிப்பண்ணைக்காரர் வீட்டுப் பெண். அவளை எடுக்காமல் வீட்டுக்கு வந்தால் சோறு கிடையாது என்று அம்மையார் உத்தரவு.

"அப்ப எதுக்குண்ணா தார்ப்பாய்?"

"நாளைக்கு ஆடிட்டரு கேட்டா? அந்தப் பக்கம் யாரு இருந்தாங்கன்னு எனக்கெப்படீங்க தெரியும்? தகுதி எடுத்துச்சு, நானென்ன பண்றது?"

ஆனால் டோக்கனை நான் கலைத்துவிட்டேனே! பக்கத்து ஷெட்டில் கிரைண்டிங் சத்தம் வேறு. அதற்கு மேல் கத்தினால் எல்லாக் குரலும் ஒரே குரல். அண்ணனுக்கு வேர்த்துவிட்டது.

நம் ஊரில் இன்டர்வியூ என்பதே ஒரே கேள்விதான் — "எந்த ஊருங்க?" அதைக் கேட்கக் கூடாது என்றால் அவர் என்னதான் செய்வார்? சுற்றி வளைத்தார்.

"ஒண்ணாம் நம்பரு, உங்கூர்ல போர் எத்தன அடிங்க?"

இருநூறு அடியிலேயே தண்ணி என்றது தார்ப்பாய். அண்ணன் உதட்டைப் பிதுக்கினார். அவர் மச்சான் ஊரில் அப்படி வராதாம்.

"ரெண்டாம் நம்பரு?"

"ஆயிரத்தி இருநூறு ஓட்டியும் புகைதானுங்க வந்துச்சு."

அண்ணன் நாற்காலியில் நிமிர்ந்தார். பஸ் எப்படி மாறி வந்தாய் என்றார். பல்லடம் வந்து, சூலூர் வழியாக வந்து, அப்புறம் டவுன் பஸ் என்றது குரல். ஊரில் கோழிப்பண்ணை உண்டா என்றார்.

"இருக்குதுங்க. ரோட்டோரம், நாலு ஷெட்டு. கேட்டுக்குப் பச்சை பெயின்ட்டுங்க."

அண்ணன் என் கையைக் கிள்ளினார். அவர் மச்சான் பண்ணையேதான்! எனக்கு எரிச்சலாக வந்தது. "வேலையைப் பற்றி ஒரு கேள்வியாவது கேளுங்கண்ணா" என்றேன். போனால் போகிறது என்று கேட்டார்.

"பம்புக்குள்ள சுத்தற இம்பெல்லரு பேலன்ஸ் இல்லீன்னா என்ன பண்ணுவே கண்ணு?"

"ரிஜெக்ட்டுங்க."

"மொதலாளியே பரவால்ல, அனுப்புன்னு சொன்னா?"

"எழுதிக் குடுங்கன்னு கேப்பேனுங்க."

"பாத்தீங்களா அம்மணி! நம்ம ஊட்டுப் புள்ளையோட தெகிரியத்த!"

மூன்றாம் நம்பரை அவர் காதிலேயே வாங்கவில்லை. நாலாம் நம்பருக்கு எந்த பஸ் என்றே தெரியவில்லை, காரில் வந்தாளாம். போர் எத்தனை அடி என்றால், "மோட்டார் போட்டா தண்ணி வருமுங்க" என்றாள். இம்பெல்லர் கேள்விக்கு, "மாமாகிட்ட கேட்டுச் சொல்றேனுங்க" என்றாள்.

அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எந்த இளிச்சவாய் மாமனோ, பாவம்!"

ரெண்டாம் நம்பர் செலக்டட் என்று உரக்க அறிவித்தார். சாட்சி நான் கையெழுத்துப் போட்டேன். தார்ப்பாயை அவரே பிடித்து இழுத்தார்.

ரெண்டாம் நம்பர் நாற்காலியில் அவருக்கு முன்பின் தெரியாத ஒரு பெண். நாலாவது நாற்காலியில், உர்ரென்று, "மாமா" என்று எழுந்தாள் மச்சான் மகள்.

ரெண்டாம் நம்பரின் பேர் மகேஸ்வரி. அதே ஊர்தான். ரோட்டுக்கு அந்தப் பக்கம், காலனி. அவள் அம்மாவும் அப்பாவும் அந்தப் பச்சை கேட்டுக்குள்தான் தினமும் முட்டை பொறுக்குகிறார்கள். ஊரில் இருந்து பஸ்ஸில் வருகிறவளுக்கு பஸ் தெரியும். தண்ணிக்குக் குடம் தூக்குகிறவளுக்குப் போர் தெரியும். காரில் போகிறவளுக்கு எப்படித் தெரியும்?

அண்ணனுக்கு முகத்தில் ரத்தமே இல்லை. "இன்னொரு ரவுண்டு வெச்சுப் பாக்கலாமுங்களா?" என்று என் காதில் கேட்டார். ஆடிட்டருக்கு நானே போன் போடட்டுமா என்றேன். அவர் அவசரமாக அந்தப் பெண்ணிடம் திரும்பினார்.

"கோட்டாவுல படிச்சியா கண்ணு?"

"ஆமாங்க. நீங்க எப்படீங்க இந்த சீட்டுக்கு வந்தீங்க?"

நக்கலே இல்லை. இன்டர்வியூவில் கடைசியாக நாமும் ஒரு கேள்வி கேட்கலாம் என்று காலேஜில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள் போல. அண்ணனும் அதே மரியாதையோடு பதில் சொன்னார்.

"எங்கப்பாரு உட்டுட்டுப் போனதுங்க."

சொன்ன பிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது. எனக்குக் கை தட்ட வேண்டும் போல் இருந்தது. குடும்பத்துக்குள் நூற்றுக்கு நூறு ஒதுக்கீடு வைத்திருப்பவர்கள்தான் அடுத்தவர் ஒதுக்கீட்டைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறார்கள். வீட்டில் நடந்தால் அதற்குப் பேர் பாசம்!

மகேஸ்வரிக்கு வேலை கொடுத்தார். ஆர்டர் தப்பித்தது. இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன்.

அப்போது வீட்டிலிருந்து போன். "ஆளு எடுத்துப்போட்டீங்களா?" என்றார் அம்மையார். சைனாக்காரனோடு மல்லுக்கட்டுகிற அண்ணன், "எடுத்துப்போட்டேன்" என்ற ஒரே வார்த்தையோடு கட் பண்ணிவிட்டார். யாரை என்று சொல்லத் தைரியம் வரவில்லை!

அம்மையார் சும்மா இருப்பாரா? உடனே ஊரில் இருக்கிற தன் அண்ணனுக்கு போன். அங்கே ஒரே கொண்டாட்டம். தோற்றவளின் கார் சூலூரைத் தாண்டுவதற்குள், அவள் அப்பா பல்லடத்திலிருந்து ஜிலேபி வரவழைத்து, பண்ணை ஆட்கள் அத்தனை பேருக்கும் தன் கையாலேயே கொடுத்திருக்கிறார். மகேஸ்வரியின் அம்மா அப்பாவுக்கும்தான்.

தங்கள் மகளுக்கு வேலை கிடைத்த சந்தோஷத்தை, அது தெரியாமலேயே இருவரும் வயிறாரச் சாப்பிட்டுவிட்டார்கள். விஷயம் தெரிந்த பிறகு ஜிலேபியைத் திருப்பிக் கேட்கவா முடியும்?