டிரை ஐஸ் தேடிக் கும்மிடிப்பூண்டிக்கு

2007 மே மாதம், கத்திரி வெயிலில் கும்மிடிப்பூண்டிக்குச் சுற்றுலா போன ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். முந்தைய நாள் எங்கள் ஆய்வகத்தின் உறைபெட்டி செத்துப்போனது. உள்ளே என் ஈஸ்ட். ரொட்டிக்குப் போடும் அதே ஈஸ்ட்தான்; மனித மூளையில் உள்ள ஒரு புரதத்தை அதற்குள் உருவாக வைத்திருந்தோம். அந்தப் புரதம் சரியாக மடியாமல் கட்டிகட்டியாகச் சேர்ந்தால் மனிதருக்கு நடுக்குவாதம். ஈஸ்டுக்கு வளர்ச்சி படுத்துவிடும். மூன்று வருடத் தேடலில் ஒரே ஒரு ஈஸ்ட் மட்டும் அதை மீறி வளர்ந்தது. கிடைத்துச் சில நாட்கள்தான். வேறு பிரதி இல்லை. தோழி கலா அதைச் சாதா ஐஸில் புதைத்துக் காவல் இருக்க, நான் டிரை ஐஸ் வாங்க ஓடினேன்; அது உறைய வைத்த கரியமில வாயு, சாதா ஐஸைவிடப் பல மடங்கு குளிர்.

சென்ட்ரலிலிருந்து புறநகர் ரயிலில் 48 கி.மீ., ஒன்றரை மணி நேரம். கவரைப்பேட்டையில் சிக்னலுக்கு நின்றதும் வாசலுக்கும் இருக்கைக்கும் நடந்தேன். எதிரில் இருந்த அம்மா, "சும்மா உக்காரும்மா, பாக்கவே பேஜாரா கீது" என்றார். உட்கார்ந்தேன். முடியவில்லை.

ஸ்டேஷனிலிருந்து தொழிற்பேட்டைக்கு ஆட்டோ, போக வர நூறு ரூபாய். ஓட்டுநர் சேகருக்குச் சொந்த ஊர் புதுவாயல். டிரை ஐஸைத் தெர்மோகோல் பெட்டியில் வாங்கித் திரும்பும்போது, "சீக்கிரம்ணே" என்று பத்தாவது முறையாகச் சொல்லியிருப்பேன்.

"இன்னாம்மா கீது பொட்டில?"

டிரை ஐஸ் என்றேன்; அது எதற்கு என்று ஈஸ்ட் கதையையும் நடுக்குவாதத்தையும் சொன்னேன். அவர் வேகத்தைக் குறைத்தார். "எங்கம்மாவுக்கும் கை நடுங்கினே கீது. டம்ளர் புடிக்க முடில. இது மருந்தா ஆவுமா?"

பொய் வாய் வரை வந்தது. "ஆனாலும் ரொம்ப வருசம் ஆகும்ணே. உங்க அம்மாவுக்கு உதவாது."

லாரிகளுக்கு நடுவே ஆட்டோவை நுழைத்தார். பிறகு கேட்டார்: "அத்தினி வருசம் ஆவும்னா, இன்னாத்துக்கு இம்மாம் அவசரம்?"

வெட்கமாக இருந்தது.

போகிறவர்களுக்கு: இருப்பு உண்டா என்று ஆலைக்கு ஃபோன் செய்துவிட்டுப் போங்கள். தெர்மோகோல் பெட்டியும் தடித்த கையுறையும் கொண்டுபோங்கள். மூடியை டேப் போட்டு இறுக்காதீர்கள். வாயு சேர்ந்து வெடிக்கும். அடைத்த இடத்தில் அது மூச்சையும் முட்டவைக்கும்; காற்றாட வையுங்கள். முடிந்தால் காரில் போங்கள், கண்ணாடியை இறக்கிவிட்டு.

ஈஸ்ட் பிழைத்தது. நான் ஸ்டேஷனை அடைந்தபோது ரயில் எதிர் பிளாட்பாரத்தில் கிளம்பத் தயாராக நின்றது. மேம்பாலப் படியைப் பார்த்து நான் மலைத்து நிற்க, சேகர் ஆட்டோவை அப்படியே விட்டுவிட்டு, பெட்டியைப் பிடுங்கித் தோளில் வைத்துக்கொண்டு எனக்கு முன்னால் ஓடினார். தன் அம்மாவுக்கு உதவாது என்று தெரிந்த பிறகுதான் ஓடினார்.