ஆம், இல்லை என்ற இரண்டு கட்டங்கள்

மலையில் விரிசல் விட்ட வருஷம், கஹவத்தைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் ஆய்வுக் குழுவுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இருப்பவர்கள் வேறிடம் போகச் சம்மதமா என்று கேட்பதுதான் வேலை.

எங்களையே பார்த்து எழுத, கொழும்பிலிருந்து ஒரு மிஸ் வந்திருந்தார். ஆய்வாளர்கள் எப்படி ஒரு முடிவுக்கு வருகிறார்கள் என்பது அவருடைய ஆய்வாம். வேனில், சாப்பாட்டில், சண்டையில் எல்லாம் கூடவே இருப்பார், வாயைத் திறக்கமாட்டார். சும்மா பார்த்துக்கொண்டே ஓர் ஆள் பக்கத்தில் இருந்தால் எனக்கு வேலை ஓடாது. எரிச்சலாக வரும்.

கடைசி லயத்தில், கொழுந்தெடுக்கும் பரமேஸ்வரி அக்கா தெளிவாகச் சொன்னார்: "போறோங்க. ஆனா லயத்து ஆளுங்க எல்லாரையும் ஒரே எடத்துல வைங்க. பிரிச்சுப் போட்டா நாங்க வரலைங்க." நான் முழுவதையும் குழுத் தலைவரான சேருக்குச் சிங்களத்தில் சொன்னேன்.

மறுநாள் பெல்மதுளையில், நாங்கள் தங்கிய விடுதியில் கூட்டம். கணினியில் பதில்களை ஏற்றும்போது, பரமேஸ்வரி அக்காவின் பதிலை 'இல்லை' என்று போடச் சொன்னார் சேர். ஆம், இல்லை என்று இரண்டு கட்டம்தான் இருந்தது. 'இல்லை' என்று போனால் அந்த லயத்துக்கு வீட்டுத் திட்டம் கிடைக்காது. வெளியே மழை விட்டபாடில்லை. எனக்கு உட்காரவே முடியவில்லை. மறுத்துப் பேசினேன். மொழிபெயர்க்க வந்தவர் அதை மட்டும் பார்த்தால் போதும் என்றார் சேர்.

மிஸ்ஸிடம் திரும்பினேன். "நீங்களும் அங்க இருந்தீங்கதானே மிஸ்? சொல்லுங்களேன்."

"நான் தலையிட்டா என்ட ஆய்வு கெட்டுப்போகும் அக்கா."

"அப்ப மலை எறங்கினாலும் எழுதிக்கிட்டே இருப்பீங்களா?"

கோபத்தில் வாயில் வந்துவிட்டது. அவர் பேனாவை மூடி வைத்தார். பரமேஸ்வரி சொன்னதை அப்படியே சிங்களத்தில் சொன்னார். இந்த 'இல்லை' இந்த மேசையில்தான் உண்டானது என்றும் சொன்னார். சேருக்கு முகம் இறுகிவிட்டது. கடைசியில், 'நிபந்தனையுடன் சம்மதம்' என்று மூன்றாவது கட்டம் போடச் சொன்னார். அதனால் முன்பு 'இல்லை' போட்ட லயங்களுக்கெல்லாம் திரும்பவும் ஏறவேண்டியதாயிற்று.

வேனில் மிஸ் கேட்டார், தான் பேசியதை எப்படி எழுதுவது என்று.

"நடந்த மாதிரியே எழுதுங்க மிஸ்."

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். பதிலை வாங்கிக் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். அதை எழுதும் மேசை வரைக்கும் கூடவே போங்கள்.

வீட்டுத் திட்டத்தில் அந்த லயத்தின் பெயர் இருக்கிறது. வீடு இன்னும் வரவில்லை. மழை பிடித்தால் பரமேஸ்வரி அக்காவுக்குப் போன் போட்டுப் பேசிய பிறகுதான் எனக்குச் சோறு இறங்குகிறது.