கால் ஊன்றாமல் எண்ணூர் வரை

வீடு வீடாகப் போய் அடுத்தவர் முட்டியை மடக்கி நீட்டும் பிசியோதெரபிஸ்ட்டுக்கு, சொந்த முட்டி நடுங்குவதை வெளியே காட்டாமல் இருப்பதே பாதித் தொழில். மீதிப் பாதி, அந்த வீடு போய்ச் சேருவது. நாற்பதைத் தாண்டி மறுபடி கிளட்ச் பிடித்தவர்கள் யாராவது இதைப் படித்தால் நிச்சயம் தலையசைப்பீர்கள்.

மீன் தண்ணி

பல வருஷம் மஸ்கட் ஆஸ்பத்திரியில் ஏசிக்குள்ளேயே வேலை பார்த்துவிட்டு ராயபுரம் திரும்பினேன். கப்பல் வேலைக்குப் போன தம்பியின் மோட்டார் சைக்கிள் வாசலில் சும்மா நின்றது. கல்லூரி நாளில் ஓட்டியதுதானே என்று எடுத்தேன். கைக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. வயிற்றுக்குத்தான் புதுசாக இருந்தது.

முதல் நாளே கல்மண்டபத்தில், மீன் ஏற்றிப் போன குட்டியானை வேன் ஒன்று ஐஸ் தண்ணியை ரோடெல்லாம் ஒழுகவிட்டிருந்தது. அந்த ஈரத்தைப் பார்த்ததும் இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்தேன். வண்டி நின்றது, இன்ஜின் நின்றது, எனக்குப் பின்னால் கல்மண்டபமே நின்றது. கிக்கரை உதைக்கிறேன், உதைக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை. பின்னால் மீன்பாடி வண்டிக்காரர் ஹாரன்கூட அடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: “இன்னா மேடம், கியர்ல போட்டுகினு ஒதைக்கிற? நூட்ரலாக்கு. அது இன்னா பண்ணிச்சு உன்ன, பாவம்!”

யார்டு வரைக்கும்

எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் டிரெய்லர் என்பது நகர்கிற தெரு. முந்தப் பயம், பக்கத்தில் போக அதைவிடப் பயம். அதனால் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு, இடைவெளி விட்டு அதன் பின்னாலேயே போய்விடுவேன். அது நின்றால் நிற்பேன், நகர்ந்தால் நகர்வேன்.

ஒரு நாள் திருவொற்றியூர் தாண்டியதும், நான் பிடித்திருந்த டிரெய்லர் இடப்பக்கம் திரும்பியது. நானும் இண்டிகேட்டர் போட்டு ஒழுங்காகத் திரும்பினேன். நிமிர்ந்து பார்த்தால் கன்டெய்னர் யார்டு கேட். பின்னால் இன்னொரு டிரெய்லர் வந்து வழியை அடைத்துவிட்டது. செக்யூரிட்டி என் ஹெல்மெட்டையும் தோள்பையையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, சிரிக்காமலே கேட்டார்: “லோடா, எம்ட்டியா மேடம்?”

செருப்பு

அன்று தாமதமாகப் போய்ச் சேர்ந்த வீடு எண்ணூர் குப்பத்தில் தேசம்மாவுடையது. மீன் விற்பவர். ஏலம் விடுகிற இடத்தில் வழுக்கி விழுந்து முட்டிச் சில்லு உடைந்து, ஆபரேஷன் ஆனவர். எலும்பு கூடிவிட்டது, முட்டி நன்றாக மடங்குகிறது. வாக்கரை மட்டும் விடமாட்டேன் என்கிறார். மார்க்கெட்டில் அவர் இடத்தில் அவருடைய கூடையைக் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். சொந்தக்காரி வரும்வரை வேறு யாரும் அங்கே உட்காருவதில்லை என்பது வழக்கம். ஆனால் கூடை எத்தனை மாதம் காவல் காக்கும்? பக்கத்து இடத்துக்காரி தன் பலகையை ஏற்கெனவே கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்த்தியாகிவிட்டது.

“விழ மாட்டீங்கக்கா, கையை எடுங்க. பயம் கால்ல இல்ல” என்றேன், என்னுடைய வழக்கமான தைரியக் குரலில். அவர் வாசலில் கிடந்த என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். குதிகால் பக்கம் இரண்டும் காகிதமாகத் தேய்ந்திருந்தன. வண்டி மெதுவானாலே நான் இரண்டு காலையும் இறக்கித் தரையில் தேய்த்துக்கொண்டு வருவதை ஜன்னல் வழியே தினமும் கவனித்திருக்கிறார். “ஏன் டாக்டரம்மா, நீ மட்டும் இன்னா, வண்டி ஓட்டிகினா வர்ற? வாக்கர் மாரி தள்ளிகினு இல்ல வர்ற!”

கண்ணாடி

பதிலுக்குப் பந்தயம்தான் கட்டினோம்: நான் கால் ஊன்றாமல் அவர் வீட்டுச் சந்தின் திருப்பத்தைத் தாண்ட வேண்டும், அவர் வாக்கரை விட வேண்டும். காலை வேளையில் ராயபுரம் ஸ்டேஷன் பக்கத்து ரோட்டில், கிளட்ச்சைப் பாதி விட்டு, பின் பிரேக்கை லேசாக மிதித்து, நடக்கிறவர் வேகத்தில் வட்டம் போட்டுப் பழகினேன். பார்வை போகிற பக்கம்தான் வண்டியும் போகும் என்று மெல்லப் பிடிபட்டது.

பிறகு ஒரு சாயங்காலம் அவர் வீட்டிலிருந்து கிளம்பினேன். மணல் சந்து, திருப்பத்தில் வலைக் குவியல். இரண்டு காலும் வண்டியின் மேலேயே இருந்தன. பார்க்கிறாரா என்று கண்ணாடியில் பார்த்தேன். தேசம்மா வாசலில் இல்லை. சந்து நடுவில் இருந்தார். நான் கால் வைக்கிறேனா என்று வேவு பார்க்கப் பின்னாலேயே நடந்து வந்துகொண்டிருந்தார். ஒரு கை புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்திருந்தது. இன்னொரு கை வெறுமனே வீசிக்கொண்டிருந்தது. வாக்கர் வாசற்படியிலேயே நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, வண்டி நேரே வலைக் குவியலுக்குப் போய்க்கொண்டிருந்தது. குப்பமே கேட்கும்படி கத்தினார்: “கண்ணாடில என்ன இன்னா பாக்கற? முன்னால பாரு! நான் வந்துகினுதான் கீறேன்!”

இப்போது தேசம்மாவின் கூடை மார்க்கெட்டில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறது, என் செருப்பும் தேய்வதில்லை, ஆனால் எண்ணூர் ரோட்டில் டிரெய்லர் ஏதாவது இடப்பக்கம் திரும்பினால் மட்டும் என் கை இன்னும் தானாகவே இண்டிகேட்டருக்குப் போய்விடுகிறது.