செவுளுக்குள் குளிசை

உதைப் பாரும் பிள்ளை, லா சப்பல் மீன்கடைக்காரன் துப்புரவாக்கித் தந்தவனாம், செவுள் அப்பிடியே கிடக்கு! மகள் பெரியபிள்ளையாகிச் சாமத்தியவீடு வருதாம், மனம் மீனில இல்லை. அவன்ர கதை கிடக்கட்டும், இஞ்சை தாரும், நான் பிடுங்கிறன். செவுளைத் தொட்டாலே எனக்கு ஒரு வெக்கம் வரும். சிரியாதையும், சொல்லுறன்.

எண்பதுகளில, நாங்கள் இஞ்சை வந்த புதுசு. பாரிஸ் நகரத்துக்கு வெளியில ஒரு மிருகக்காட்சிச்சாலையில எனக்கு வாளி கழுவுற வேலை. அங்கை ஒரு டொல்பின், ஊரில ஓங்கில் எண்டுவமே, அது. கடலில கூட்டமாத் துள்ளுற சீவன், நீலச் சீமெந்துத் தொட்டிக்குள்ள தனியச் சுத்திக்கொண்டு திரியும். பந்தைத் தட்டினா சனம் கைதட்டும். நானும் தட்டினனான், பொய் சொல்லுவானேன். அதுக்குத் தீனி குடுத்துப் பராமரிக்கிற வெள்ளைக்கார மதாம் நல்ல நெட்டை. அவவின்ர றப்பர் சப்பாத்துச் சத்தம் கேட்டாலே அது தலையைத் தூக்கும். எனக்குப் பொன்ஜூர் எண்டு வணக்கம் சொல்லுற ஒரே ஆளும் அவதான்.

காலமை மீன் வாளியை வைச்சிட்டு அவ தண்ணி சோதிக்கப் போவா. ஒருநாள் எட்டிப் பாத்தன். எல்லாம் செவுளோட முழு மீன்! விருந்தாளிக்கு ஆரும் உப்பிடிக் குடுப்பினமே? அண்டையில இருந்து நாள் தவறாமல் செவுளைப் பிடுங்கி, மூண்டு தண்ணியில கழுவி வைச்சன். மஞ்சள் இருந்திருந்தா அதையும் பூசியிருப்பன். செவுளின்ர மேல் மூடி மூடினபடி கிடக்கும், அவவுக்குத் தெரியேல்லை.

ஒரு மாசத்துக்கு மேல போக, டொல்பின் சோர்ந்து போச்சு. ரத்தம் எடுத்துப் பாத்திட்டு, காட்சிச்சாலைப் பெரியவர் மதாமில பாய்ஞ்சார். ஒரு மீனின்ர செவுளைத் திறந்து வெள்ளை விற்றமின் குளிசை ஒண்டை உள்ள வைச்சு, "இப்பிடி! இப்பிடி!" எண்டு காட்டினார். ஐஸ் எண்டு நினைச்சு நான் குப்பையில போட்டதெல்லாம் குளிசை.

"வைச்சனான், ஒவ்வொரு நாளும் வைச்சனான்" எண்டு அவ அழுதா. 'செ முவா', நான்தான், எண்டு சொல்ல எனக்குத் தெரியும். வாய் வரேல்லை. இஞ்சை இருக்கிறதுக்கான வதிவிடக் கார்ட் இன்னும் கிடைக்காத நேரம், பிழை விட்டவளெண்டு திருப்பி அனுப்பிப்போடுவாங்களோ எண்டு பயம். வீட்டை வந்து என்ர மனுசனுக்குச் சொன்னன். "கார்ட் வருமட்டும் வாயை மூடிக்கொண்டிரு" எண்டார். மூடினன்.

மதாமை வேலையால நிப்பாட்டிப்போட்டினம். போற அண்டைக்கு என்ர ஈரக்கையைப் பிடிச்சு, "உன்ர வாளியள் எப்பவும் துப்புரவு, மெர்சி" எண்டு நன்றி சொன்னா.

நான் பிறகு செவுளில கை வைக்கேல்லை, டொல்பின் தேறீட்டுது. ஆனா ஆரின்ர சப்பாத்துச் சத்தத்துக்கும் தலையைத் தூக்கும், ஆளைப் பாத்திட்டுத் தண்ணிக்குள்ள தாண்டுபோகும். கார்டும் வந்தது. அதை மாத்தப் போகேக்கையெல்லாம் விரல் அடையாளம் கேப்பினம். இந்த விரல்தான் பிள்ளை.

இப்பவும் செவுளுக்குள்ள ஒருக்காத் தடவிப் பாக்காமல் எறிய ஏலாது. இந்தா, உம்மட மீனில ஒண்டுமில்லை... ஐயோ, புளி பொங்கி வழியுது, அடுப்பைக் குறையும்!