எரியாத கன்னம்

மதுரையில் ஓர் ஓட்டல் கூடத்தில் வைத்து நாகலெட்சுமிக்குக் கொடுத்த கேடயத்தில் இப்படி எழுதியிருக்கிறது: "தன் பொலிவான சருமத்தையே சாட்சியாக்கி, எங்கள் நொதித் தூளின் பெருமையை முதுகுளத்தூர் வட்டாரமெங்கும் கொண்டுசென்ற, புன்னகை மாறாத சரும ஆலோசகர், 2008."

பொலிவு என்பதை மிளகாய்க் காட்டு வெயிலை அறிந்த எவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். புன்னகை மாறாதது ஒரு வகையில் உண்மைதான். இல்லாதது எப்படி மாறும்? அந்தத் தூளை அவள் தன் முகத்தில் போட்டுப் பார்த்ததே ஒரே ஒரு முறை. அதுவும் சந்தேகத்தின் பேரில்.

கணவன் செல்லச்சாமி இறந்த அன்று அவள் அழவில்லை. கருமாதிக்கும் அழவில்லை. கல்நெஞ்சக்காரி என்றது ஊரில் ஒரு கட்சி. அதிர்ச்சி என்றது எதிர்க்கட்சி. அவளையே கேட்டால், "வரலை" என்பாள், பஸ் வரவில்லை என்று சொல்வதுபோல. அடுத்த வருஷம் முதுகுளத்தூரில் கூட்டம் போட்ட அழகுசாதனக் கம்பெனிக்காரர்கள், எவரையும் பேச வைத்துவிடுவோம் என்று சொல்லி அவள் கழுத்தில் ஓர் அட்டையை மாட்டினார்கள். கொடுத்த பாடத்தை அப்படியே மனப்பாடம் செய்தாள். கண்டக்டர் ஊர்ப்பெயர் சொல்கிற குரலில் ஒப்பித்தாள். விற்றது. ஏன் விற்றது என்று கம்பெனிக்கும் தெரியாது.

தூள் பார்வைக்குப் பச்சரிசி மாவு. டப்பாவில் இருக்கும்வரை சும்மா கிடக்கும். உள்ளங்கையில் கொட்டி நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்தால் நொதி விழித்துக்கொண்டு முகத்தின் செத்த தோலைத் தின்றுவிடும் என்பது கம்பெனி வாக்கு. விழித்துவிட்டதற்கு அடையாளம் லேசான குறுகுறுப்பு. தண்ணீர் பட்டால்தான் வேலை செய்யும் ஒரு பொருளைத் தண்ணீரே இல்லாத சீமைக்கு அனுப்பிய துணிச்சலை மெச்ச வேண்டும். உப்புத் தண்ணீரில் நுரை வராது என்பதால் குடிதண்ணீரை ஒரு பாட்டிலில் சுமந்துகொண்டே அவள் வீடு வீடாகப் போனாள்.

மாசி மாதம், மிளகாய்ப் பழம் பறிக்கிற காலம். காலையில் சொந்தக் காட்டில் பழம் பறித்துவிட்டு, கை கழுவிக்கொண்டு, கருத்தம்மாள் வீட்டுக்குப் போனாள். கருத்தம்மாளின் மகளைப் பூமயில் என்று வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயர் யாருக்கும் வேண்டாம். ஆவணியில் அவளுக்குக் கல்யாணம், வெற்றிலை பாக்கு மாற்றியாகிவிட்டது. இடது கன்னத்தில், கண்ணுக்குக் கீழே, வெளிறிய தேமல் ஒன்று.

"மதினி, கல்யாணத்துக்குள்ள இது போயிரணும். ரெண்டு டப்பா ஆனாலும் சரி" என்றாள் கருத்தம்மாள்.

நாகலெட்சுமி தூளைக் குழைத்து இரண்டு கன்னத்திலும் தேய்த்தாள்.

"குறுகுறுங்குதா?"

"ஆத்தீ! எரியுது அத்தே!"

"எரியட்டும். அதான் என்சைம்."

"என்ன கண்றாவியோ, வலது பக்கம் பத்திக்கிட்டு வருது!"

"இடது பக்கம்?"

"அங்கன ஒண்ணுமில்ல."

காசு வாங்குகிறவள், இரண்டு கன்னத்துக்கும் நியாயம் செய்யத்தானே வேண்டும். தூள் காற்றுப்பட்டுச் செத்திருக்கும் என்று நினைத்து, புது டப்பா உடைத்து, தேமல்மேல் இன்னொரு தரம் தேய்த்தாள். ஒன்றுமில்லை. சந்தேகத்தோடு மீதியைத் தன் கன்னத்தில் அப்பினாள்.

கண்ணிலிருந்து நீர் கொட்டியது. புருஷனுக்கு வராத கண்ணீர்.

"ஏன் மதினி அழுகுறீக?" என்றாள் கருத்தம்மாள், கொஞ்சம் மகிழ்ச்சியோடு. ஊருக்குச் சொல்ல ஒரு செய்தி கிடைத்துவிட்டது.

நாகலெட்சுமி உள்ளங்கையை மோந்து பார்த்தாள். மிளகாய். கழுவினால் போகிற சங்கதியா அது? அப்படியானால் எரிந்தது தூள் இல்லை. மிளகாயே எரியாத ஓர் இடம் மனுஷ உடம்பில் இருக்கிறது என்றால், அது தூள் சம்பந்தப்பட்ட விஷயமும் இல்லை. முதுகுளத்தூர் பஸ் ஸ்டாண்டுச் சுவரில், உணர்ச்சி இல்லாத தேமலை டாக்டரிடம் காட்டச் சொல்லிப் பெரிய எழுத்தில் எழுதியிருக்கும். பஸ் தாமதமாக வருகிற ஊரில் அதை எல்லோரும் நூறு தரம் படித்திருப்பார்கள். தொழுநோய் என்ற பெயரை அவள் தணிந்த குரலில் சொன்னாள்.

கருத்தம்மாள் கதவைச் சாத்தினாள்.

"வாயக் கழுவுங்க. வெளிய தெரிஞ்சா மாப்பிள்ள வீட்டுக்காரன் பாக்கு வெத்தலையத் திருப்பி எறிஞ்சிருவான். டப்பாவ வச்சிட்டுப் போங்க, நாங்க பாத்துக்கிறோம்."

"டப்பா தர மாட்டேன்."

"யாவாரத்துக்குத்தானே வந்தீக?"

"கண்ணுக்குக் கீழ இருக்கு. நாளைக்கு இமை மூடாமப் போச்சுன்னா மாப்பிள்ளைக்கே தெரியும். இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போனா ஒருத்தருக்கும் தெரியாது. நான் கூட்டிட்டுப் போறேன்."

"ஊர் கேட்டா?"

"பேஷியல் கோர்ஸ்னு சொல்லுங்க."

பூமயில் இரண்டு கன்னத்தையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் போறேன்மா" என்றாள்.

உள்ளூர் ஆஸ்பத்திரியில் தெரிந்த முகங்கள் அதிகம், ராமநாதபுரத்துக்கே போனார்கள். ஆரம்ப நிலை, மாத்திரை ஆறு மாதம், தொடங்கிவிட்டால் யாருக்கும் ஒட்டாது, கல்யாணத்துக்குத் தடையில்லை என்றார் டாக்டர். திரும்பும் பஸ்ஸில் பூமயில் இடது கன்னத்தை ஜன்னல் பக்கம் திருப்பிவைத்துக்கொண்டாள். நாகலெட்சுமி மாத்திரை அட்டைகளைக் காலி தூள் டப்பாவில் வைத்து மூடிக்கொடுத்தாள்.

ஆவணியில் தேமல் மங்கியிருந்தது. தாலி கட்டிய இடத்தில் பெண்கள் மணப்பெண்ணின் கழுத்தை விட்டுவிட்டுக் கன்னத்தைப் பார்த்தார்கள். "எல்லாம் நம்ம நாகலெட்சுமி தூளு" என்று கருத்தம்மாளே பரப்பினாள். அவளுக்கு வேறு வழியில்லை. தூள் பறந்தது. கம்பெனி கேடயம் செய்தது. மறுத்துப் பேசினால் பூமயிலின் கதை வெளியே வரும் என்பதால், செய்யாத அதிசயத்துக்கான பரிசை நாகலெட்சுமி வாங்கிக்கொண்டாள். மேடையில் நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். "தண்ணி நல்லதா இருக்கணும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். கைதட்டினார்கள்.

கேடயம் அவள் வீட்டில் அரிசிப் பானைக்கு மூடியாக இருக்கிறது. அதில் எழுதாதது இதுதான்: மாசியிலிருந்து ஆவணி வரை, மாதம் ஒரு நாள், காட்டு வேலையை விட்டுவிட்டு, அவள் ஒரு பெண்ணை ராமநாதபுரத்துக்குப் பஸ்ஸில் கூட்டிப்போய், மாத்திரை வாங்கிக்கொடுத்து, கூட்டிவந்தாள்.